உங்கள் கைப்பேசியின் சாவி யாரிடம்?

வீட்டில் ஆண்ட்ராய்டு கைப்பேசி இருந்தால் அதை ஒரு நிமிடம் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். 'அமைப்புகள்' என்னும் பகுதிக்குப் போய், அதன் கடைசியில் இருக்கும் 'தொலைபேசி பற்றி' என்பதைத் தொடுங்கள். அங்கே ஆண்ட்ராய்டு பதிப்பைப் பற்றிய விவரங்களுக்குள் 'கர்னல் பதிப்பு' என்று ஒரு வரி தென்படும். சில கைப்பேசிகளில் அது இன்னும் ஒரு படி உள்ளே இருக்கும். அந்த வரிக்கு நேராக 4.14 என்றோ 4.19 என்றோ 5.10 என்றோ ஓர் எண் காணப்படும். இது கைப்பேசியைச் செய்த கம்பெனி வைத்த எண் அன்று. பின்லாந்து நாட்டில் ஒரு பல்கலைக்கழக மாணவர் 1991-இல் எழுதத் தொடங்கிய லினக்ஸ் என்னும் மென்பொருளின் பதிப்பு எண்தான் அது.

லினக்ஸ் என்றால் என்னவென்றே தெரியாது என்பவர்கள்கூட அதைத்தான் காலை முதல் இரவு வரை கையில் வைத்திருக்கிறார்கள். 2017-இல் வந்த பொத்தான் வைத்த ஜியோஃபோனை நினைவிருக்கிறதா? அதிலிருந்த காய்ஓஎஸ் என்பதற்கும் அடியில் இருப்பது லினக்ஸ்தான்.

அப்படியானால் 'லினக்ஸ் கைப்பேசி' என்று சிலர் தனியாக ஒன்றைச் சொல்கிறார்களே, அது எது? நம்மிடம் இருப்பதற்கும் அதற்கும் என்ன வேறுபாடு? விடை காண, லினக்ஸின் அரிச்சுவடியைக் கொஞ்சம் படிக்க வேண்டும். அந்தப் படிப்புக்கு வேண்டிய கருவி ஏற்கனவே உங்கள் சட்டைப்பையில் இருக்கிறது.

மடை திறப்பவர்

மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் கண்மாய்ப் பாசனத்தைப் பார்த்தவர்களுக்கு 'நீர்க்கட்டி' என்பவரைத் தெரிந்திருக்கும். கண்மாய் ஒன்று, அதன் தண்ணீரை எதிர்பார்த்து நிற்கும் வயல்களோ பல. எந்த மடையை எப்போது திறப்பது, எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் விடுவது என்பதைப் பார்த்துக்கொள்பவர் அவர். வயல்காரர் அவசரம் தாங்காமல் தானே மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு மடைக்குப் போனால் சண்டைதான் வரும்.

கைப்பேசிக்குள் கர்னல் செய்வது இதே வேலையைத்தான். ஒரே சமயத்தில் பாட்டு ஓடுகிறது, செய்தி வருகிறது, வரைபடம் திறந்திருக்கிறது. இவை அனைத்துக்கும் வேண்டியவை செயலியின் நேரமும் நினைவகத்தின் இடமும். கர்னல் ஒவ்வொன்றுக்கும் சிறு துளி நேரம் கொடுத்து, உடனே நிறுத்தி, அடுத்ததற்கு மாற்றுகிறது. ஒரு வினாடிக்குள் நூற்றுக்கணக்கான தடவை மடை மாறுவதால் எல்லாம் ஒன்றாக ஓடுவதுபோல் நமக்குத் தோன்றுகிறது. திரை, ஒலிபெருக்கி, கேமரா ஆகிய எதையும் எந்தச் செயலியும் நேரே தொட முடியாது. கர்னலைக் கேட்டுத்தான் தொட வேண்டும்.

இந்த ஏற்பாட்டின் வேர் 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் தொடங்கிய யுனிக்ஸில் இருக்கிறது. 1983-இல் ரிச்சர்டு ஸ்டால்மன் என்பவர், யுனிக்ஸைப் போன்ற, ஆனால் எவரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் கூடிய ஒரு தொகுதியைச் செய்வதாக அறிவித்தார். அதற்குக் குனு என்று பெயர். கருவிகள் ஒவ்வொன்றாக உருவாயின; ஆனால் நடுநாயகமாக இருக்க வேண்டிய கர்னல் மட்டும் கைகூடவில்லை. 1991 ஆகஸ்டில் ஹெல்சிங்கியில் படித்துக்கொண்டிருந்த 21 வயது லினஸ் டார்வால்ட்ஸ், பொழுதுபோக்காக ஒரு கர்னல் எழுதி வருவதாகத் தெரிவித்தார். மறு ஆண்டு அதைக் குனுவின் பொது உரிமத்தின் கீழ் வெளியிட்டார். யார் வேண்டுமானாலும் மூல நிரலை எடுத்து மாற்றலாம்; ஆனால் மாற்றியதைப் பிறருக்குத் தரும்போது அதன் மூல நிரலையும் தர வேண்டும் என்பது அந்த உரிமத்தின் சாரம்.

2008 அக்டோபரில் விற்பனைக்கு வந்த முதல் ஆண்ட்ராய்டு கைப்பேசி இந்தக் கர்னலைத்தான் எடுத்துக்கொண்டது. நீர்க்கட்டி மட்டும் லினக்ஸ். மற்ற ஊர்க்காரர்கள் வேறு. அதனால்தான் கணிப்பொறியில் லினக்ஸ் பழகியவர் ஆண்ட்ராய்டைப் பார்த்தால் ஒன்றும் அடையாளம் தெரிவதில்லை.

வில்லாபுரத்தில் ஒரு கேள்வி

மதுரையின் தெற்கே, விமான நிலையம் போகும் வழியில் இருக்கிறது வில்லாபுரம். வீட்டுவசதி வாரியக் குடியிருப்புகளும், நெசவும் சிறுதொழிலும் செய்யும் குடும்பங்களின் தெருக்களும் அடுத்தடுத்து இருக்கும் பகுதி. எங்கள் தெருவில் கணிப்பொறி உள்ள வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். கைப்பேசி இல்லாத வீடு கிடையாது. மேல்நிலை வகுப்பில் கணிப்பொறி அறிவியல் எடுத்த ஒரு மாணவன் என்னிடம் கேட்டான்: "சார், லேபில் வாரத்துக்கு ரெண்டு பீரியட்தான். வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. நான் எதில் பழகுவது?"

இது அவன் ஒருவனுடைய கேள்வி அன்று. உலகின் மிக வேகமான 500 கணிப்பொறிகளின் பட்டியலில் 2017 நவம்பர் முதல் இடம்பெற்ற அனைத்தும் லினக்ஸில் ஓடுகின்றன. இணையத்தின் சேவைக் கணிப்பொறிகளில் பெரும்பகுதியும் அப்படியே. வேலைக்குப் போகிறவனிடம் 'லினக்ஸ் தெரியுமா?' என்று கேட்பது வாடிக்கையாகிவிட்டது. தெரிந்துகொள்ள வழி இல்லை என்றால் வாசல் அங்கேயே அடைபட்டுப் போகிறது.

தமிழ்நாட்டு அரசு 2011 செப்டம்பர் 15-இல் தொடங்கிய இலவச மடிக்கணிப்பொறித் திட்டத்தில் ஒரு நல்ல ஏற்பாடு இருந்தது. அந்தக் கணிப்பொறிகளில் விண்டோஸுடன் 'பாஸ்' லினக்ஸும் சேர்த்தே வந்தது. சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் 2007-இல் வெளியிட்ட, டெபியனை அடிப்படையாகக் கொண்ட இந்திய இயங்குதளம் அது. எனக்குத் தெரிந்த மாணவர்களில் பெரும்பாலோர் அதை ஒருமுறைகூடத் திறந்து பார்த்ததில்லை. திறந்தால் என்ன செய்வது என்று சொல்லித்தர ஆள் இல்லாததே காரணம் என்பது என் எண்ணம்.

அந்த மாணவனுக்கு நான் சொன்ன வழி டெர்மக்ஸ். இது ஆண்ட்ராய்டு 7-க்கு மேற்பட்ட எந்தக் கைப்பேசியிலும் இலவசமாக நிறுவக்கூடிய ஒரு முனையம். முனையம் என்றால் கட்டளையைத் தட்டி, விடையைப் பெறும் கறுப்புத் திரை. எஃப்-டிராய்டு என்னும் திறந்த மென்பொருள் கிடங்கிலிருந்து அதை எடுப்பது நல்லது. கைப்பேசியின் பூட்டு எதையும் உடைக்க வேண்டியதில்லை. பிடிக்காவிட்டால் மற்றச் செயலிகளைப் போலவே நீக்கிவிடலாம். (2025 மார்ச்சில் கூகுள் தன் பிக்சல் கைப்பேசிகளுக்கு டெபியன் முனையம் ஒன்றைத் தானே கொடுத்தது. அந்த விலைக் கைப்பேசி நம் தெருவுக்கு வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.)

கறுப்புத் திரையில் முதல் பாடம்

கட்டளைகளை ஆங்கிலச் சிறிய எழுத்துக்களில் தட்ட வேண்டும். இங்கே அவற்றின் எழுத்தொலிகளைத் தமிழில் தருகிறேன்.

முதலில் 'யூநேம்' என்று தட்டிப் பாருங்கள். 'லினக்ஸ்' என்று ஒரே சொல்லில் விடை வரும். ஆண்ட்ராய்டு என்று வராது. கைப்பேசியே தன் உண்மைப் பெயரைச் சொல்லிவிட்டது.

அடுத்து, எம், கே, டி, ஐ, ஆர் ஆகிய ஐந்து எழுத்துக்களையும் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, 'மதுரை' என்று தமிழிலேயே எழுதுங்கள். 'மதுரை' என்ற பெயரில் ஒரு கோப்புறை, அதாவது ஃபோல்டர், உருவாகிவிடும். கட்டளை ஆங்கிலத்தில் இருந்தாலும் பெயர் தமிழில் இருக்கலாம் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். 'சிடி மதுரை' என்றால் அதற்குள் நுழைவோம். 'பிடபிள்யூடி' என்று கேட்டால் இப்போது எங்கே நிற்கிறோம் என்று முழு வழியையும் சொல்லும். 'எல்எஸ்' அங்கே என்னென்ன இருக்கிறது என்று காட்டும். 'ஆர்எம்' கோப்பை அழிக்கும். இதில் மட்டும் எச்சரிக்கை வேண்டும்: இங்கே குப்பைத்தொட்டி கிடையாது, அழித்தது போனதுதான்.

இவ்வளவும் கைவிரலால் படத்தைத் தொட்டே செய்யலாமே என்று கேட்கலாம். செய்யலாம்தான். ஆனால் கட்டளைகளை ஒன்றோடொன்று இணைக்கலாம் என்பதில்தான் முனையத்தின் பெருமை. யுனிக்ஸில் 1973-இல் 'குழாய்' என்ற ஏற்பாடு வந்தது. விசைப்பலகையிலுள்ள நெட்டைக் கோடுதான் அதன் அடையாளம். ஒரு கட்டளையின் விடை அந்தக் கோட்டின் வழியே பாய்ந்து அடுத்த கட்டளைக்குள் விழும்.

ஒரு சிறு சோதனை செய்வோம். 'எக்கோ' என்ற கட்டளை, கொடுத்ததை அப்படியே திருப்பிச் சொல்லும். 'டபிள்யூசி' என்ற கட்டளை எண்ணிச் சொல்லும். 'எக்கோ அம்மா' என்று எழுதி, நெட்டைக் கோடு போட்டு, 'டபிள்யூசி' என எழுதி, ஓர் இடைவெளி விட்டு, ஒரு சிறு கோடும் 'சி' என்ற எழுத்தும் சேருங்கள். விடை என்ன வரும்? அம்மாவில் மூன்று எழுத்து என்று ஒன்றாம் வகுப்பிலேயே படித்தோம். திரையில் வருவதோ 16!

கணிப்பொறி தவறு செய்யவில்லை. யூனிகோடு முறையில் 'அம்மா' என்பது அ, ம, புள்ளி, ம, கால் என ஐந்து குறிகளாகச் சேமிக்கப்படுகிறது. ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டு இடம் பிடிக்கிறது. ஐந்து மூன்று பதினைந்து, வரி முடிவுக்கு ஒன்று, ஆக 16. 'சி'-க்குப் பதில் 'எம்' என்று கேட்டால் பைட்டுகளை விட்டுக் குறிகளை எண்ணி 6 என்று சொல்லும். மூன்று என்று மட்டும் சொல்லாது. தமிழ் எழுத்தைத் தமிழன் எண்ணுவதுபோல எண்ண வேண்டுமென்றால் அதற்கு நாம்தான் ஒரு சிறு நிரல் எழுத வேண்டும். பைத்தான் படிக்கத் தொடங்கும் மாணவருக்கு இதைவிட நல்ல முதல் கணக்கு எனக்குத் தெரியவில்லை. டெர்மக்ஸிலேயே பைத்தானையும் நிறுவிக்கொள்ளலாம். தமிழில் படிக்க விரும்புவோருக்குக் கணியம் என்ற மின்னிதழ் 2012 முதல் திறந்த மென்பொருள்கள் பற்றிய கட்டுரைகளையும் நூல்களையும் இலவசமாகத் தந்து வருகிறது.

நீங்கள் யார்?

இப்போது 'ஹூ-ஆம்-ஐ' என்ற மூன்று ஆங்கிலச் சொற்களையும் ஒன்றாகச் சேர்த்துத் தட்டுங்கள். 'நான் யார்?' என்பது பொருள். உங்கள் பெயரை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். 'யூ0', அடியில் ஒரு கோடு, 'ஏ', பிறகு சில இலக்கங்கள்: இதுதான் விடை. கைதியின் எண் போல இருக்கிறதல்லவா?

லினக்ஸில் ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் உரிமையாளர் உண்டு. யார் படிக்கலாம், யார் எழுதலாம், யார் இயக்கலாம் என்று மூன்று உரிமைகளும் கோப்போடு குறிக்கப்பட்டிருக்கும். பல பேர் ஒரே கணிப்பொறியைப் பகிர்ந்துகொண்ட காலத்தில், ஒருவர் கடிதத்தை மற்றவர் படிக்காமல் இருக்க வந்த ஏற்பாடு இது. ஆண்ட்ராய்டைச் செய்தவர்கள் இதைச் சாமர்த்தியமாகத் திருப்பினார்கள். ஒவ்வொரு செயலியையும் ஒரு தனி ஆளாகப் பாவித்து, ஆளுக்கு ஓர் எண் கொடுத்தார்கள். விளையாட்டுச் செயலி ஓர் ஆள். வங்கிச் செயலி வேறோர் ஆள். இவன் பெட்டியை அவன் திறக்க முடியாது. நல்ல பாதுகாப்புதான்.

ஆனால் 'எல்எஸ்' என்ற கட்டளைக்குப் பின் ஒரு சாய்கோட்டையும் 'டேட்டா' என்ற சொல்லையும் தட்டி, கைப்பேசியின் தரவுகள் முழுவதும் இருக்கும் இடத்தைப் பார்க்க முயலுங்கள். 'அனுமதி மறுக்கப்பட்டது' என்று பதில் வரும். எல்லா உரிமையும் படைத்தவர் ஒருவர் லினக்ஸில் உண்டு. அவருக்கு 'ரூட்' என்று பெயர். கணிப்பொறியில் லினக்ஸை நிறுவினால் அந்த அதிகாரம் உங்கள் கடவுச்சொல்லுக்குக் கிடைக்கும். கைப்பேசியிலோ, பணம் கொடுத்து வாங்கியவர் நீங்களாக இருந்தாலும் ரூட் நீங்கள் அல்லர். வாடகைக்கு இருப்பவர், சாவிக்கொத்து கம்பெனியிடம்.

சாவி அவர்களிடம் இருப்பதால் என்ன நஷ்டம்? கைப்பேசியின் மின்விசையை அழுத்தியதும் முதலில் விழிப்பது பூட்லோடர் என்னும் துவக்கி நிரல். கம்பெனியின் கையொப்பம் உள்ள கர்னலை மட்டுமே அது உள்ளே விடும். திருடன் உங்கள் கைப்பேசியில் வேறு மென்பொருளைப் புகுத்தாமல் இது காக்கிறது, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் கம்பெனி இரண்டு, மூன்று ஆண்டுகளில் திருத்தங்கள் அனுப்புவதை நிறுத்திவிட்டால், அந்தக் கர்னலில் பிறகு கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள் அடைபடாமலே கிடக்கும். திரை நன்றாக இருக்கிறது, செயலி நன்றாக இருக்கிறது. கைப்பேசி மட்டும் கிழடாகிவிடுகிறது.

'புதிய லினக்ஸ் கர்னலை நாமே போட்டுக்கொண்டால் என்ன?' என்று கேட்பீர்கள். மேசைக் கணிப்பொறியில் எளிது. அதன் அடிப்படை நிரல், தன்னிடம் என்னென்ன உறுப்புகள் இருக்கின்றன என்று கர்னலுக்குப் பட்டியல் போட்டுச் சொல்லிவிடும். கைப்பேசியில் பெரும்பாலும் அப்படிச் சொல்ல ஆளில்லை. எந்தக் கம்பியில் திரை, எந்தக் கம்பியில் தொடுவுணரி என்ற வரைபடத்தை ஒவ்வொரு மாடலுக்கும் தனித்தனியே எழுதிக் கர்னலோடு கொடுக்க வேண்டும். கம்பெனிகள் பழைய கர்னல் ஒன்றை எடுத்து, அதில் தங்கள் மாற்றங்களை அவசரமாக ஒட்டி, அப்படியே விட்டுவிடுகின்றன. அந்த மாற்றங்கள் பொதுக் கர்னலுக்குள் சேர்வது அரிது. உலகெங்கும் உள்ள ஆர்வலர்கள் ஒவ்வொரு மாடலாக எடுத்து இந்த வேலையை மறுபடி செய்து வருகிறார்கள். லினக்ஸ் கைப்பேசியின் கதையில் கடினமான அத்தியாயம் இதுதான்.

பெங்களூரில் ஒரு முன்னோடி

கைக்கடக்கமான லினக்ஸ் கணிப்பொறியை உலகுக்குக் காட்டியவர்களில் நம் நாட்டவர் முன்வரிசையில் நின்றார்கள் என்பது இன்று அதிகம் பேசப்படுவதில்லை. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த சுவாமி மனோகர், விஜய் சந்துரு, வி. வினய், ரமேஷ் ஹரிஹரன் ஆகியோரும் என்கோர் மென்பொருள் நிறுவனத்தாரும் சேர்ந்து உருவாக்கிய 'சிம்ப்யூட்டர்' 2001-இல் மாதிரி வடிவில் வெளிவந்தது. தொலைபேசி அன்று, கையில் பிடித்துத் திரையைத் தொட்டு வேலை வாங்கும் லினக்ஸ் கணிப்பொறி. ஒரே கருவியைக் கிராமத்தில் பலர் பகிர்ந்துகொள்ளலாம், ஒவ்வொருவருடைய விவரமும் அவரவர் கையிலிருக்கும் அட்டையில் இருக்கும் என்று திட்டமிட்டார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு இந்திய மொழிகளில் படித்துக் காட்டவும் அது முயன்றது. 2004-இல் 'அமிடா' என்ற பெயரில் கடைக்கு வந்த வடிவில், கருவியைச் சாய்த்தால் உணரும் கருவி இருந்தது. ஐஃபோன் வந்தது 2007-இல் என்பதை ஒப்பிட்டுப் பாருங்கள். எதிர்பார்த்தபடி விற்கவில்லை, திட்டம் தேய்ந்து போயிற்று.

பிறகு 2009-இல் நோக்கியாவின் என்900 வந்தது. வாங்கும்போதே முனையத்தோடு வந்த கைப்பேசி அது. 2013-இல் உபுண்டு நிறுவனத்தார் கைப்பேசிக்கான 'உபுண்டு டச்'சை அறிவித்து, 2017-இல் கைவிட்டார்கள். யூபிபோர்ட்ஸ் என்ற தன்னார்வக் குழு அதை எடுத்து வளர்த்தது. அதே 2017-இல், ஒரு கைப்பேசிக்குப் பத்தாண்டு ஆயுள் வேண்டும் என்ற குறிக்கோளோடு 'போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ்' தொடங்கியது. 2020-இல் 149 டாலர் விலையில் பைன்ஃபோன் வந்தது. அதில் பூட்டே கிடையாது. லினக்ஸ் எழுதிய நினைவு அட்டையைச் செருகினால் அதிலிருந்தே தொடங்கும். அட்டையை எடுத்துவிட்டால் பழைய நிலைக்குத் திரும்பும். படிப்பவர்களுக்கு இதைவிட ஏற்ற ஏற்பாடு இல்லை. 2023 ஜனவரியில் சென்னை ஐ.ஐ.டி.-யின் அரவணைப்பில் வளர்ந்த ஒரு நிறுவனம் 'பார்ஓஎஸ்' என்பதை வெளியிட்டபோது பத்திரிகைகள் பெரிதாக எழுதின. அது ஆண்ட்ராய்டின் திறந்த நிரலிலிருந்து பிறந்தது. ஆகவே நாம் இங்கே பேசும் வகையைச் சேர்ந்ததன்று.

பழைய கைப்பேசிக்குப் புது உயிர்

சொந்தமாக ஒரு லினக்ஸ் கைப்பேசியை அமைத்துப் பார்க்க விரும்பினால் முதல் விதி இது: வீட்டிலிருக்கும் ஒரே கைப்பேசியில் இதைச் செய்யாதீர்கள். அம்மாவின் வங்கிக் குறுஞ்செய்தியும் எரிவாயு உருளைக்கான ஓ.டி.பி.-யும் வரும் கருவி அது. பூட்டைத் திறந்தால் உள்ளிருக்கும் படம், எண், கடிதம் அனைத்தும் அழிந்துபோகும். நடுவில் பிசகினால் கைப்பேசி செங்கல்லாகிவிடவும் கூடும். மேசையறையில் கேட்பாரற்றுக் கிடக்கும் பழைய கைப்பேசியே இதற்கு ஏற்றது.

அடுத்தது மாடலைப் பார்ப்பது. எல்லாக் கைப்பேசிக்கும் லினக்ஸ் வராது. போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ், யூபிபோர்ட்ஸ் இரண்டும் தங்கள் இணையப் பக்கங்களில், எந்த மாடலில் எது வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்று உறுப்பு வாரியாகப் பட்டியல் வைத்திருக்கின்றன. திரை, ஒய்-ஃபை, அழைப்பு, கேமரா என ஒவ்வொன்றாகப் பாருங்கள். 2018-இல் இந்தியாவில் நன்றாக விற்ற ஒன்பிளஸ் 6, போகோ எஃப்1 ஆகியவை ஆர்வலர்கள் அதிகம் உழைத்த மாடல்கள். பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே வேறு பலகை இருக்கும் கைப்பேசிகளும் உண்டு. ஆதலால் மாடல் எண்ணை எழுத்தெழுத்தாக ஒப்பிட வேண்டும்.

பூட்டைத் திறப்பதற்கு, முதலில் நாம் பார்த்த 'தொலைபேசி பற்றி' பகுதிக்கே போய் 'பில்ட் எண்' என்பதை ஏழு முறை தட்ட வேண்டும். உருவாக்குநருக்கான பகுதி ஒன்று திறக்கும். அதில் 'ஓஇஎம் அன்லாக்' என்பதை அனுமதித்து, கைப்பேசியை ஃபாஸ்ட்பூட் நிலையில் தொடங்கி, யூ.எஸ்.பி. கம்பியால் ஒரு கணிப்பொறியோடு இணைக்க வேண்டும். சொந்தக் கணிப்பொறி தேவையில்லை. நண்பர் வீட்டில் ஒரு மணி நேரம் கிடைத்தால் போதும். சில கம்பெனிகள் ஒரே கட்டளையில் திறக்கவிடும். சில, விண்ணப்பித்துவிட்டு நாள் கணக்கில் காத்திருக்கச் சொல்லும். சில, திறக்கவே விடமாட்டா. பழைய கைப்பேசி வாங்குவோர் விலை பேசும் முன் இதை விசாரித்துக்கொள்வது நல்லது.

திறந்த பின், அந்த மாடலுக்கென்று தயாரான லினக்ஸ் கோப்புகளை அதே ஃபாஸ்ட்பூட் மூலம் எழுதிவிடலாம். உபுண்டு டச்சுக்கு, படிப்படியாகக் கேள்வி கேட்டு நிறுவும் கருவியே உண்டு. அப்போது மின்கலம் பாதிக்கு மேல் நிறைந்திருக்கட்டும். கம்பி ஆடாமல் இருக்கட்டும். போஸ்ட்மார்க்கெட்ஓஎஸின் ஆயத்தக் கோப்புகளில் தொடக்கக் கடவுச்சொல் 147147. உள்ளே நுழைந்ததும் அதை மாற்றுவதே முதல் வேலை. ஊருக்கெல்லாம் தெரிந்த கடவுச்சொல் அது.

இனி முனையத்தைத் திறந்து, டெர்மக்ஸில் தட்டிய அதே கட்டளைகளைத் தட்டிப் பாருங்கள். ஒரே ஒரு வேறுபாடு உண்டு: 'நான் யார்?' என்று கேட்டால் உங்கள் பயனர் பெயரையே சொல்லும். 'சூடோ' என்ற சொல்லைக் கட்டளையின் முன் வைத்தால் ரூட்டின் அதிகாரம் உங்கள் கைக்கு வரும். கர்னல் பதிப்பைக் கேட்டால், ஒன்பிளஸ் 6 போன்ற கருவியில் கம்பெனி விட்டுச்சென்ற 4.9-க்குப் பதிலாக 6 என்று தொடங்கும் எண் நிற்கும். தமிழ் எழுத்துக்கள் இருக்க வேண்டிய இடத்தில் வெற்றுக் கட்டங்கள் தெரிந்தால் பயப்பட வேண்டாம். தமிழ் எழுத்துரு இன்னும் ஏறவில்லை என்பதே காரணம். 'சூடோ ஏபிகே ஆட்' என்று தட்டி, அதன்பின் 'ஃபான்ட்-நோட்டோ-தமிழ்' என்ற தொகுப்பின் பெயரைச் சேர்த்தால் கட்டங்கள் எழுத்தாக மாறிவிடும்.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். ஜியோவின் வலையமைப்பில் 2ஜி, 3ஜி கிடையாது. 4ஜி கைப்பேசிகளில் பேச்சும்கூட வோல்ட்டி முறையில்தான் போகிறது. இந்த முறைக்குத் தேவையான மென்பொருளைக் கம்பெனிகள் திறந்து தராததால், பல லினக்ஸ் கைப்பேசிகளில் ஜியோ அட்டை போட்டால் இணையம் வரும், அழைப்பு வராது. 2ஜி இன்னும் வைத்திருக்கும் நிறுவனத்தின் அட்டையில் பேச முடியலாம். கேமரா பெரும்பாலும் சுமார்தான். ஜிபே, ஃபோன்பே முதலிய பணச் செயலிகளை நம்ப வேண்டாம். வேய்ட்ராய்டு என்ற ஏற்பாட்டின் மூலம் ஆண்ட்ராய்டுச் செயலிகள் சிலவற்றை லினக்ஸுக்குள் ஓட்டலாம் என்றாலும், வங்கிச் செயலிகள் பல, கம்பெனியின் பூட்டு இருக்கிறதா என்று சோதித்துவிட்டுத்தான் திறக்கும். கடைக்குப் போகும்போது சட்டைப்பையில் இருக்க வேண்டிய கருவியாக இது இன்னும் ஆகவில்லை என்பதே என் முடிவு.

மேசைமேல் இருக்க வேண்டிய கருவியாக இது எப்போதோ ஆகிவிட்டது. யூ.எஸ்.பி. விசைப்பலகை ஒன்றை இணைத்தால் பைத்தான், சி மொழிகளை எழுதிப் பழகலாம். மற்றக் கணிப்பொறியிலிருந்து கம்பி வழியே 172.16.42.1 என்ற முகவரியில் அதற்குள் நுழைந்து வேலை செய்யலாம். வேலைக்குப் போனபின் எங்கோ இருக்கும் சேவைக் கணிப்பொறிகளுக்குள் நுழைவதும் இதே முறையில்தான். நம் வீட்டு ஒய்-ஃபையில் ஒரு சிறு இணையப் பக்கத்தை அதிலிருந்தே பரிமாறலாம். மின்சாரம் நின்றாலும் மின்கலம் இருப்பதால் அது நிற்காது. ஆனால் இரவு பகலாக மின்னேற்றத்திலேயே விட்டுவைத்தால், மதுரை வெயிலில் பழைய மின்கலம் உப்பிவிடும். முதுகு புடைத்திருப்பதைக் கண்டால் உடனே மின்சாரத்திலிருந்து பிரித்து, அழுத்தாமல், குத்தாமல், பழுதுபார்க்கும் கடையில் கொடுத்து மாற்றிவிடுங்கள்.